புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நான் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி முதன்முதலில் எங்கள் வார்டுக்கு வந்தபோது, துணி காயப்போடுகிற கிளிப்பை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து ஜன்னல் திரையில் மாட்டிவைத்தவள் நான். கருவியைப் பற்றிச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதியவர்கள் வார்டில் நெடுங்காலம் இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்கள், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிற வேலை. நான் படித்த காலத்தில் இதற்கென்று தனிப் பாடம் கிடையாது. நோயாளி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்தோம். வாசலுக்கு அப்புறம் நடப்பதையெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்த வாயை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். நிமோனியா என்று நாம் சொல்வதை ஒரு பெரியவர், "நெஞ்சுக்குள்ள யாரோ அப்பளம் நொறுக்குறாங்க சிஸ்டர்" என்றார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். அப்பளம்தான். இன்னொரு அம்மா, "மூச்சு வருது, ஆனா உக்காராம வாசலோட போயிடுது" என்றார். டாக்டர் இங்கிலீஷில் அரைப் பக்கம் எழுதியதை அந்த அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார். நோயாளி பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். பாதி வைத்தியம் அதில் இருக்கும்.

இன்னொரு தொழில் ரகசியம். டிஸ்சார்ஜ் ஆனதும் நம் ஊர்க்காரர்கள் உடனே கிளம்ப மாட்டார்கள். பணம் கட்டி, பையைக் கட்டி, வேன் வாசலில் நிற்கும். ஆனால் ராகு காலமாக இருக்கும். அது முடிகிற வரையில் மொத்தக் குடும்பமும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு ஆகாத நேரம் எனக்கு நல்ல நேரம். கதவைச் சாத்திவிட்டு வகுப்பு எடுப்பேன். மாத்திரை, மூச்சுப் பயிற்சி, சாப்பாடு, எப்போது திரும்ப ஓடி வரவேண்டும் என்பது எல்லாம் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். ஒருவர்கூட எழுந்து போக முடியாது. சின்ன டாக்டர்கள் என்னை ராகு கால சிஸ்டர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்படி ஒரு ராகு காலத்தில் நான் வகுப்பு எடுத்து அனுப்பியவர்தான் கோவிந்தராசு ஐயா.

பாபநாசம் பக்கத்து ஊர். எண்பதை நெருங்கிய வயது. சொந்த நிலம், இரண்டு போகம், மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் செந்தில் குவைத்தில் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். வீட்டில் மருமகள் சுமதிதான் எல்லாம். ஐயாவுக்கு வரப்பில் நின்று கூப்பிட்டால் வாய்க்கால் தாண்டிக் கேட்கிற குரல். வார்டில் அவர் மெதுவாகப் பேசினால் பக்கத்து வார்டுக்காரர்களுக்கு மட்டும் கேட்கும், அவ்வளவுதான்.

முதல் தடவை வந்தபோது சாதாரண நிமோனியா என்று பார்த்து, சரியாகி, அனுப்பினோம். கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிட்டார். அதே காய்ச்சல், அதே அப்பளம், எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே அதே இடத்தில் அதே வெள்ளை.

ஏன் திரும்ப வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். "இளநி வேண்டாம்னு சொன்னேன், கேட்டாத்தானே" என்றாள் சுமதி. "ஆத்துல புதுத் தண்ணி வந்த அன்னைக்கே தலைக்கு ஊத்திக்கிட்டாரு. அதுதான்" என்றார் எதிர்வீட்டு ராமையன். செந்தில் குவைத்திலிருந்து போன் பண்ணி, "உங்க ஆஸ்பத்திரி ஏசிதான் சிஸ்டர்" என்றான். ஐயா மட்டும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "வடிகால் எங்கயோ அடைச்சுக்கிச்சு. எடுத்து விடுங்க, வடிஞ்சிடும்" என்றார்.

டாக்டர் இரண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சிஸ்டர், சாப்பாடு தப்பான வழியில நுரையீரலுக்குப் போகுதுன்னு நினைக்கிறேன். விழுங்குறதைக் கவனிங்க" என்றார். கவனித்தோம். வார்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, சின்னச் சின்ன வாயாகக் கெட்டியான கஞ்சியை அழகாகச் சாப்பிட்டார். ஒரு செருமல்கூட இல்லை. "வீட்டுல சாப்பிடும்போது இருமல் வருதா ஐயா?" என்று கேட்டேன். "இருமலா? சேச்சே" என்றார். சுமதியும் இல்லை என்று தலையாட்டினாள். பொய் சொல்கிற முகம் இரண்டும் இல்லை.

கிளம்புகிற அன்று டாக்டர் அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தா, வாயால கொடுக்க முடியாது. மூக்கு வழியா குழாய் போட்டு அதுலதான் கஞ்சி விடணும்."

ஐயா டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். "மூக்கால சாப்பிட நான் என்ன கோயில் யானையா?"

வார்டே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். ஆனால் டாக்டர் போன பிறகு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவருக்கு இருக்கிற குரலிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துப் பேசினார். "சிஸ்டர், நான் நாத்து விட்டு நான் அறுத்த நெல்லு. அதை நாக்குக்குத் தெரியாம உள்ள அனுப்புறதுக்கு நான் எதுக்கு சாப்பிடணும்? பட்டினியே கிடந்துட்டுப் போயிடுறேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு ராகு காலம் முழுக்க ஒரே பாடம்தான் நடத்தினேன். நேராக உட்காருங்கள். தாடை கீழே இருக்கட்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். ரசம் மாதிரி தண்ணீராக ஓடுவது வேண்டாம். படுக்கும் முன்னால் வாயைச் சுத்தம் செய்யுங்கள். சாப்பிட்டவுடன் சாய வேண்டாம். முக்கியமாக, வாயில் சோறு இருக்கும்போது பேசவே கூடாது. ஐயா ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். கடைசிப் பாடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: "பேச மாட்டேன். பேசவே மாட்டேன்." வேன் கிளம்பியது.

நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தது அதற்கப்புறம். காலை வேளையில், நமக்கு வசதியான நேரத்தில் போனேன். நன்றாகத்தான் இருந்தார். சாப்பிடுகிற விதத்தைக் காட்டச் சொன்னதும் பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி, வெறும் தட்டை வைத்துக்கொண்டு தாடையைத் தாழ்த்தி விழுங்கிக் காட்டினார். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தால் வலது பக்கம் கீழே, ரொம்ப மெல்ல, யாரோ அப்பளத்தின் ஓரத்தை மட்டும் உடைத்தார்கள்.

வார்டில் வராதது வீட்டில் வருகிறது. இரண்டு இடத்திலும் அதே தொண்டை, அதே பாடம். வித்தியாசம் வீட்டில் எங்கேயோ இருக்கிறது, அதுவும் சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறது. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் போவது என்று முடிவு செய்தேன்.

நம் ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டு, வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிட முடியுமா? முதல் நாள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சுமதி இலையைப் போட்டுவிட்டாள். "நான் சாப்பிட வரலம்மா, ஐயா சாப்பிடுறதைப் பார்க்க வந்தேன்" என்றேன். ஐயாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. "வந்தவங்க சாப்பிடாம நான் சாப்பிடுறதா? நல்லா இருக்கே கதை" என்று என்னை உட்கார வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த வாழக்கா வறுவலைக் கொண்டா. சிஸ்டர் இலையில மோர்க்குழம்பு காணும் பாரு" என்று மேற்பார்வை பார்த்தார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பருக்கைகூட அவர் விழுங்குவதைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அடுத்த தடவை சாமர்த்தியமாக, "இன்னைக்கு எனக்கு விரதம்" என்றேன். சுமதி பாலும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன விரதம்க்கா?" என்றாள். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "பொதுவா" என்றேன். ஐயா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "விரதம் இருக்கிறவங்களை எதுக்க வச்சுக்கிட்டு சோறு திங்கிற பாவம் எனக்கு வேண்டாம்." நான் கிளம்புகிற வரையில் அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நோயாளியைப் பட்டினி போட்ட பெருமையும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது தடவை வழிக்கு வந்தேன். நேராகப் போய், "சுமதி, ரொம்பப் பசி. ஐயாவுக்கும் எனக்கும் சேர்த்துப் போடு, ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்றோம்" என்றேன். ஐயாவுக்கு அப்படியொரு சந்தோஷம். சாப்பாட்டு மேஜையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிள்ளைகளே, எதிரில் நின்று கவனிப்பது ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டு கவனிப்பது வேறு. கண் அவர் தொண்டையில், கை என் இலையில்.

நாலு வாய் ஒழுங்காகப் போனது. ஐந்தாவது வாய் உள்ளே போன நேரம் எதிர்வீட்டு ராமையன் வாசலில் தலையை நீட்டினார். "என்ன மாமா, சாப்பாடா?"

வாய் நிறையச் சோற்றோடு ஐயா, வாய்க்கால் தாண்டிக் கேட்கிற குரலில், "வா வா, ராமையா. வந்து உக்காரு, ஒரு வாய் சாப்பிடு" என்றார்.

"ஐயா, பேசக் கூடாதுன்னு சொன்னோமே" என்றேன்.

அவர் முதலில் விழுங்கினார். பாடம் மறக்கவில்லை. பிறகு நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "நான் எங்க சிஸ்டர் பேசினேன்? வான்னு கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்தவனை வான்னு சொல்றதைப் போய் யாராவது பேச்சுல சேர்ப்பாங்களா?"

சுமதியும் ராமையனும் அது நியாயம்தான் என்பது போல என்னைப் பார்த்தார்கள். நோய்வாய்ப்பட்டவரை நலம் விசாரிக்க அந்தத் தெருவில் எத்தனை பேர் வருவார்கள், அவர்களில் எத்தனை பேர் சாப்பாட்டு நேரத்தில் வருவார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போன் அடித்தது.

செந்தில். சுமதி ஓடிப்போய்ப் போனை எடுத்து, மேஜை மேல் பிஸ்கட் டின்னை வைத்து, அதன் மேல் சொம்பை வைத்து, அதில் போனைச் சாய்த்து வைத்தாள். பழகிய கை. குவைத்தில் டீ குடிக்க விடுகிற நேரம் நமக்குச் சாப்பாட்டு நேரம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, கையில் டீ கப்போடு செந்தில் தெரிந்தான்.

"அப்பா, சாப்பிடுறீங்களா? என்ன குழம்பு?"

போன் உயரத்தில் இருந்ததால் ஐயா முகத்தைத் தூக்கினார். நாங்கள் வார்டில் அரும்பாடுபட்டுத் தாழ்த்திய தாடை ஆகாயத்தைப் பார்த்தது. "வத்தக்கொழம்புடா தம்பி. சுட்ட அப்பளம். நீ சாப்பிட்டியா?"

"நான் அப்புறம் சாப்பிடுறேன். அந்த வாய் உள்ள போச்சா? எங்க, வாயைத் திறந்து காட்டுங்க."

ஐயா திறந்து காட்டினார். பாதி போயிருந்தது. மீதிப் பாதி வழி தெரியாமல் நின்றது. மகன் பார்க்கிறானே என்று அதையும் அவசரமாக விழுங்கப்போக, புரையேறிவிட்டது.

இந்த இடத்தை நான் எத்தனை நாளானாலும் மறக்க மாட்டேன். ஐயாவின் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டி, உடம்பு குலுங்குகிறது. யாரும் பதறவில்லை. சுமதி சிரித்த முகத்தோடு வந்து மாமனார் உச்சந்தலையில் செல்லமாகத் தட்டினாள். "உங்க மகன் நினைக்கிறாங்க மாமா." போனிலிருந்து செந்தில், "நான்தான்ப்பா, நான்தான் நினைக்கிறேன்" என்கிறான், பெருமையாக. ராமையன் வாசலில் நின்று, "பின்ன, இருக்கிறது ஒரு புள்ள, அவன் நினைக்காம யாரு நினைப்பா" என்கிறார். செருமலுக்கு நடுவில் ஐயா சிரிக்கிறார். அந்த வீட்டில் அன்றைக்கு அதைவிட இனிப்பான நேரம் கிடையாது.

நான் பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

சுமதி தண்ணீர் டம்ளரை அவர் வாயில் வைக்கப் போனாள். என் வலது கை முழுக்க வத்தக்குழம்பு. இடது கையால் டம்ளரைப் பிடித்து நிறுத்தி, வலது முழங்கையால் அவர் முதுகை முன்னால் சாய்த்து, "தண்ணி வேண்டாம். தலையில தட்டாதே. ஐயா, நல்லா குனிஞ்சு இருமுங்க, அடக்காதீங்க" என்றேன். இருமினார். வழி தவறிப் போன பருக்கை திரும்பி வந்து மேஜையில் விழுந்தது. மூச்சு சீரானது. அவர் வேட்டியிலும் என் புடவையிலும் சமமாகக் குழம்பு.

"இது அடிக்கடி வருமா ஐயா?"

"தினம் வரும் சிஸ்டர்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தினம் நினைக்கிறான்ல."

"சாப்பிடும்போது இருமல் வருதான்னு எத்தனை தடவை கேட்டேன்?"

"நீங்க இருமலைத்தானே கேட்டீங்க? வியாதியைக் கேட்டா வியாதியைச் சொல்லலாம். புள்ள நினைக்கிறதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

ஆஸ்பத்திரி மொழியில் கேட்ட கேள்விக்கு ஆஸ்பத்திரி மொழியிலேயே பதில் சொல்லியிருக்கிறார். ஒரு விதத்தில் அவர் வைத்திருந்த காரணமும் சரிதான். நினைத்தது மகன்தான், புரையேற்றியதும் மகன்தான்.

பிரச்சினை என்னவென்றால், மகன் இன்னும் சொம்பில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். "யாரு, சிஸ்டரா? என்ன சிஸ்டர், அப்பாவுக்கு என்ன?"

அப்போது என்ன சொல்வீர்கள்? 'உன் போன்தான் உன் அப்பா நெஞ்சில் சோற்றைத் தள்ளுகிறது' என்று சொல்லலாம். உண்மை. ஆனால் சுமதி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். செந்திலின் அம்மா படுக்கையில் கிடந்தபோது, அவன் போன் பண்ணும்போதெல்லாம், 'நல்லா இருக்கா, சாப்பிட்டா' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதிலிருந்து அவன் யார் வார்த்தையையும் நம்புவதில்லை. அப்பா தொண்டையில் சோறு இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்கு அங்கே டீ இறங்கும். அவனிடம் போய் நீதான் காரணம் என்றால், போனை நிறுத்துவான். அப்புறம் அவன் என்ன ஆவான்?

மறைக்கவும் முடியாது. மறைத்தால் அடுத்த வாரம் மூக்கில் குழாய்.

"தம்பி, இப்ப ஒண்ணும் இல்ல. அப்பா நல்லா இருக்காரு" என்றேன். "ஆனா சாப்பிட்டுக்கிட்டே பேசினா சோறு நெஞ்சுக்குள்ள போகுது. வாசல்ல வர்றவங்களோட பேசினாலும் சரி, போன்ல பேசினாலும் சரி. காய்ச்சல் அதுலதான் திரும்பத் திரும்ப வருது."

போனில் செந்தில் டீ கப்பைக் கீழே வைத்தான். சத்தம் இங்கிருந்து வந்தது.

"இந்தா பாருங்க சிஸ்டர்." ஐயா தட்டைத் தள்ளினார். "அவன் போன் பண்ணக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. குழாயே போட்டு விட்டுடுங்க. மூக்கால சாப்பிட்டா வாய் சும்மாத்தானே இருக்கும்? பேசிக்கிறேன்."

கோயில் யானை ஆக மாட்டேன் என்றவர், பட்டினி கிடப்பேன் என்றவர் சொல்கிறார். சுமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"போனை யாரும் நிறுத்தச் சொல்லல ஐயா. போன் இருக்கட்டும். பேச்சுதான் வேண்டாம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பேசாத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யோசனை ஓடவில்லை. அது செந்திலுக்கு ஓடியது.

"சிஸ்டர், நான் பேசாம பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கட்டுமா?"

"இரு தம்பி. அதுதான் வேணும்" என்றேன். "சும்மா பார்க்க வேண்டாம், வேலையாப் பாரு. தாடை கீழ இருக்கா, ஒரு வாய் இறங்கின பிறகு அடுத்த வாய் எடுக்கிறாரா, அவசரப்படுறாரா. நான் தினம் வர முடியாது. நீ தினம் வர்ற."

டின்னையும் சொம்பையும் எடுத்துவிட்டு, போனைத் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தேன். மகனைப் பார்க்க ஐயா குனிய வேண்டியிருந்தது. தாடை தானாகத் தாழ்ந்தது. ஆஸ்பத்திரியில் நான் தொண்டை வற்றக் கத்தியதை உப்பு டப்பா சத்தமில்லாமல் செய்துவிட்டது.

ஆனால் ஐயா சோற்றில் கை வைக்கவில்லை. வாசலைக் காட்டினார். ராமையன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். "அவனை யாரு வான்னு சொல்றது?"

"சுமதி சொல்லட்டுமே."

"குடும்பத் தலைவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்து தின்னுக்கிட்டிருப்பான், மருமக வாசலுக்கு ஓடணுமா? ஊர்ல என்னை என்னன்னு பேசுவான்?"

ராமையன், "நான் வேணா போயிட்டு வந்துடறேனே" என்று ஒரு காலைப் பின்னால் வைத்தார்.

உப்பு டப்பாவிலிருந்து குரல் வந்தது. "ராமையா மாமா, எங்க போறீங்க? வாங்க, உக்காருங்க. சுமதி, மாமாவுக்குத் தட்டு வை."

ராமையன் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உப்பு டப்பாவுக்கு மரியாதையாகக் குனிந்து, "இருக்கட்டும் தம்பி, இப்பதான் சாப்பிட்டேன்" என்றார். "ஒரு வாய் மோராவது குடிச்சுட்டுப் போங்க மாமா" என்றது டப்பா. அவர் உட்கார்ந்து மோர் குடித்தார். ஐயா மகனை உற்றுப் பார்த்தார். வீட்டுத் தலைமை குவைத்துக்குக் கைமாறியதை அவர் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம், அடுத்த வாயைப் பிசைந்ததுதான். தாடை கீழே. சின்ன வாய். விழுங்கினார். செந்தில் வாயே திறக்காமல் டீ கப்பைத் தூக்கிக் காட்டினான், பாஸ் என்பது போல.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, மார்பைப் பரிசோதித்துத் தகுந்த மருந்து கொடுத்து, குழாயை ஒத்திப்போட்டார். அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பேன். அப்பளம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும்தான்.

அதற்கப்புறம் நான் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். சாப்பிடும்போது இருமல் வருதா என்று எந்தப் பெரியவரிடமும் கேட்பதில்லை. "இப்பல்லாம் சாப்பிடும்போது உங்களை யாரு நினைக்கிறாங்க?" என்பேன். முகம் மலர்ந்து சொல்லிவிடுவார்கள். "பேத்தி" என்பார் ஒருவர். "செத்துப்போனாரே எங்க வீட்டுக்காரரு, அவரு" என்பார் ஒரு அம்மா. திருவிடைமருதூரில் ஒரு பாட்டியம்மா, "நினைக்கிறதாவது. சின்ன மருமக வையிறா, அதான் ஏறுது" என்றார். யார் நினைத்தாலும் யார் வைதாலும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். இதை ஆஸ்பத்திரிப் படிவத்தில் சேர்க்கச் சொல்லிப் பார்த்தேன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். படிவத்தில் இல்லாவிட்டால் என்ன, வாயில் இருக்கட்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு கடைசியாக ஐயாவைப் பார்க்கப் போனது அறுவடை முடிந்த சமயம். வேண்டுமென்றேதான் சாப்பாட்டு நேரத்தில் போனேன், இந்தத் தடவை பசியோடு. படியில் கால் வைக்கவில்லை, உள்ளேயிருந்து, "வாங்க சிஸ்டர். உக்காருங்க, சாப்பிடலாம்" என்று குவைத் கூப்பிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு புதுக் குரல், மழலைத் தமிழில், "வாங்கோ, வாங்கோ" என்றது. செந்திலோடு வேலை பார்க்கிற வடநாட்டுப் பையன்களாம். டீ நேரத்தில் நாலு பேரும் சேர்ந்துதான் ஐயா சாப்பிடுவதைப் பார்க்கிறார்களாம். யாராவது வாசலில் தெரிந்தால் அழைப்பதற்குப் போட்டியாம். தெருவில் சில பேர் அந்த உபசாரத்துக்காகவே வருகிறார்கள் என்றாள் சுமதி.

ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாடை கீழே இருந்தது. வாயில் இருந்ததை முழுக்க விழுங்கி, வாய் துடைத்து, தட்டை நகர்த்திவிட்டு அப்புறம்தான் வாயைத் திறந்தார். நல்ல நிறம் வந்திருந்தது. உப்பு டப்பாவில் மகனும் மகனோடு மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சௌக்கியம்தான் சிஸ்டர்" என்று, அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "ஒரு குறைதான். இப்பல்லாம் புரையே ஏற மாட்டேங்குது. பய என்னை நினைக்கிறானா இல்லையான்னே தெரியல."